செங்கல் வீட்டின் காற்றுக்கசிவை அடைப்பது எப்படி: இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊரில் வீடு பார்க்கப் போனால் காற்று வருமா என்றுதான் முதலில் கேட்போம். லண்டனின் வடமேற்குப் புறநகரில் 1930களில் கட்டப்பட்ட செங்கல் வீடு ஒன்றை வாங்கிக் குடிபோன முதல் குளிர்காலத்தில், அந்தக் கேள்வியை இங்கே வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கணுக்காலில் மட்டும் ஊதல் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். பழைய ஜன்னல்கள்தாம் காரணம் என்று ஜன்னல் விற்க வந்தவர் சொன்னதை நம்பி, வீடு முழுவதற்கும் புதிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களைப் போட்டேன். ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. அடுத்த குளிர்காலத்திலும் கணுக்காலில் அதே காற்று.

ஜன்னலை மாற்றியது தவறல்ல. எங்கே கசிகிறது என்று அளந்து பார்க்காமல் அதை முதல் வேலையாகச் செய்ததுதான் தவறு. பிறகு இரண்டு ஆண்டுகள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை, அடுத்து வருபவர்களுக்கு அந்தச் செலவும் அலைச்சலும் இல்லாமல் இருக்கட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இங்குள்ள விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் லீஸ்ஹோல்டு (நீண்டகாலக் குத்தகை) வீடு வைத்திருப்பவர்கள், சுவரையோ தரையையோ தொடுவதற்கு முன் கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் எழுத்துப்பூர்வமான அனுமதியைப் பெற வேண்டும்.

1. சுவரில் காற்றைத் தடுப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

செங்கல் சுவர் பார்வைக்குக் கெட்டியாக இருப்பதால் அதன் வழியாகக் காற்று போகாது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், கற்களுக்கு நடுவே சாந்து முழுதாக நிரம்பாத செங்குத்து இணைப்புகள் வழியாகக் காற்று தாராளமாகப் போகும். காற்றைத் தடுப்பது சுவரின் உட்புறத்தில் ஈரமாகப் பூசப்பட்ட பூச்சுதான். சிமென்ட், சுண்ணாம்பு, ஜிப்சம் எதுவானாலும் விரிசலில்லாமல் பூசிய பூச்சு நல்ல தடுப்பாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், பூச்சுக்காரர் கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டுமே பூசியிருப்பார். சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னால், குளியல் தொட்டிக்குப் பின்னால், மாடிப்படியை ஒட்டிய சுவரில், கீழ்த்தள உட்கூரைக்கும் மேல்தளத் தரைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் உயரத்தில் வெறும் செங்கல்தான் இருக்கும். என் வீட்டைப் போல் சுவர் இரண்டு அடுக்காக, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருந்தால், அந்த இடைவெளி வீட்டைச் சுற்றி ஓடும் ஒரு காற்றுக் குழாய் போலவே வேலை செய்யும். உள் அடுக்கில் எங்கே ஓட்டை இருந்தாலும் அங்கே காற்று வெளிப்படும்; அது வெளிச்சுவரில் எங்கே நுழைந்தது என்று தேடுவது வீண்வேலை.

பிளாஸ்டர்போர்டு என்ற ஜிப்சம் பலகையைக் கட்டி கட்டியாகப் பசை வைத்துச் சுவரில் ஒட்டிய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரற்கடை அளவு வெற்றிடம் இருப்பதால், சுவரின் எந்த மூலையில் நுழைந்த காற்றும் அதற்குள் சுற்றி, உங்கள் படுக்கைக்கு அருகிலுள்ள பிளக் பாயின்ட் வழியாக வெளியே வரும். அங்கே பிளக் பாயின்டை அடைத்துப் பயனில்லை. காற்று அடுத்த ஓட்டையைத் தேடிக்கொள்ளும். சுவரில் விரலால் தட்டிப் பாருங்கள். சில இடங்களில் டொக்கென்றும் சில இடங்களில் கெட்டியாகவும் ஒலித்தால் அது பலகைச் சுவர்.

ஒரு தாளில் வீட்டின் குறுக்குவெட்டை வரைந்து, காற்றைத் தடுக்கும் அடுக்கைச் சிவப்புப் பேனாவால், பேனாவைத் தூக்காமல், சுவர், தரை, உட்கூரை என்று ஒரே கோடாகச் சுற்றி வரைய முயலுங்கள். பேனாவைத் தூக்க வேண்டி வரும் இடங்கள்தாம் நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள். எனக்குப் பதினோரு இடங்கள் வந்தன. அவற்றில் ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

2. எதையெல்லாம் அடைக்கக் கூடாது

இதை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம், அடைக்கத் தொடங்கிவிட்டால் கை நிற்காது என்பதுதான்.

வெளிச்சுவரின் அடியில், தரையை ஒட்டித் துளைகளோடு தெரியும் காற்றுச் செங்கற்களை ஒருபோதும் மூடாதீர்கள். மரத்தரைக்கு அடியில் இருக்கும் ஈரத்தை வெளியேற்றுவது அவைதாம். மூடினால் சில ஆண்டுகளில் தரையைத் தாங்கும் உத்தரங்கள் உளுத்துப்போகும். கூரையின் ஓரத்தில், பரணுக்குள் காற்று போவதற்காக விடப்பட்ட இடைவெளிக்கும் இது பொருந்தும். காற்றைத் தடுக்கும் கோடு தரைப்பலகை மட்டத்திலும் மேல்தள உட்கூரை மட்டத்திலும் வர வேண்டும். அதற்குக் கீழும் மேலும் காற்று ஓடத்தான் வேண்டும்.

அறைக்குள்ளிருந்து காற்றை எடுத்து எரியும் எந்த அடுப்பும் கணப்பும் உங்கள் வீட்டில் இருந்தால், அவற்றுக்கென்று சுவரில் வைத்த காற்றுத் துளையைத் தொடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். இப்போதைய பாய்லர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்பவை. என்றாலும் கேஸ் சேஃப் என்ற எரிவாயு வேலைக்கான பதிவேட்டில் உள்ள பொறியாளர் ஒருவரை வரவழைத்து, வீட்டை இறுக்கமாக்கப் போகிறேன் என்று சொல்லி, எல்லாக் கருவிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தரும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருபது பவுண்டுக்கே கிடைக்கும்.

கார்ன்வால், டெவன், டெர்பிஷயர், நார்தாம்ப்டன்ஷயர் போன்ற பகுதிகளில் வீடு இருந்தால் ரேடான் அளவை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து வரும் இந்தக் கதிரியக்க வாயு, காற்று மாறாத வீட்டில் தேங்கும். சோதனைக் கருவியை மூன்று மாதம் வீட்டில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் இதை முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரலை (கதிரியக்க அலகு) தாண்டினால் நடவடிக்கை தேவை என்பது இங்குள்ள வரம்பு.

இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டனில் அது முழுதாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முன் போடப்பட்ட, கொத்துக்கொத்தாகப் புடைத்த ஆர்டெக்ஸ் உட்கூரைகளிலும் பழைய குழாய்ப் பெட்டிகளிலும் அது இருக்கக்கூடும். துளையிடுவதற்கு முன் ஒரு சிறு மாதிரியை ஆய்வுக்கு அனுப்புங்கள். ஒரு மாதிரிக்கு நான் நாற்பது பவுண்டுக்கும் குறைவாகவே கொடுத்தேன்.

3. வேலைக்கு முன்பே சோதனை செய்யுங்கள்

முன்கதவுச் சட்டத்தில் துணித்திரை ஒன்றைக் கட்டி, அதில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டின் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை நிலைநிறுத்த விசிறி எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு காற்று கசிவுகள் வழியாக உள்ளே வருகிறது என்று பொருள். இதை ப்ளோயர் டோர் சோதனை என்பார்கள்.

முடிவு இரண்டு வகையான எண்களில் வரும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இங்கிலாந்தின் கட்டட விதிகள், வீட்டின் (வெளிச்சுவர், தரை, உட்கூரை எல்லாம் சேர்ந்த) மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று கணக்கிடுகின்றன. 2022 ஜூன் முதல் நடப்பிலுள்ள விதிப்படி புதிய வீட்டுக்கு இது 8ஐத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 10 வரை அனுமதி இருந்தது. மிகக் குறைந்த வெப்பச் செலவில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ்ஹவுஸ் தரமோ, வீட்டின் மொத்தக் காற்றும் மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று கணக்கிடுகிறது. புதிய வீட்டுக்கு 0.6, பழைய வீட்டைத் திருத்தினால் 1 என்பவை அதன் வரம்புகள். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள். கட்டட விதிகளின் அளவில் பழைய வீடுகளில் 10க்கு மேல் வருவது சாதாரணம். என் வீட்டில் 12.4 வந்தது, அதுவும் புதிய ஜன்னல்களுக்குப் பிறகு.

இந்த எண் பணத்தில் எவ்வளவு என்று நானே போட்ட கணக்கைச் சொல்கிறேன். என் வீட்டின் கொள்ளளவு சுமார் 220 கன மீட்டர், மேற்பரப்பு சுமார் 230 சதுர மீட்டர். 50 பாஸ்கலில் வரும் கசிவை 20ஆல் வகுத்தால் சாதாரண நாட்களின் கசிவு தோராயமாகக் கிடைக்கும் என்பது இத்துறையில் வழங்கும் கைக்கணக்கு. அதன்படி மணிக்கு 0.65 முறை என் வீட்டுக் காற்று தானாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த 12.4ஐ 5 என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 அலகு (கிலோவாட் மணி) எரிவாயு மிச்சமாகும். ஓர் அலகு 6 முதல் 7 பென்ஸ் என்றால் தொண்ணூறு பவுண்டை ஒட்டி வரும். போட்ட பணம் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்த பெரிய இலாபம், அறை வெப்பத்தை 21 பாகையிலிருந்து 19க்குக் குறைத்த பிறகும் வீட்டில் யாரும் குளிர்கிறது என்று சொல்லவில்லை என்பதுதான். சுவருக்கு வெப்பக்காப்பு போடவோ ஹீட் பம்ப் என்ற மின் வெப்பக் கருவி வைக்கவோ எண்ணம் இருந்தால், கசிவை அடைக்காமல் செய்யும் அந்தச் செலவில் ஒரு பங்கு வீண்.

சோதனைக்கு என் பகுதியில் 200 முதல் 350 பவுண்டு வரை கேட்டார்கள். புதிய வீட்டுக்குச் சான்று கொடுப்பவர்கள் அரை மணியில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்குச் சான்று தேவையில்லை, கசிவைத் தேடும் நேரம்தான் தேவை. ஆகவே முன்பதிவு செய்யும்போதே, விசிறியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு என்னோடு அறை அறையாக வருவீர்களா என்று கேளுங்கள். வெப்பப் படக்கருவி கொண்டுவருபவர் என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது பத்து பாகை வேறுபாடு இருக்கும் குளிர்ந்த நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். பிப்ரவரி நல்ல மாதம். கணப்பை முந்தைய நாளே அணைத்துச் சாம்பலை அள்ளிவிடுங்கள். மறந்தால் கரி முழுவதும் கூடத்துக்கு வந்துவிடும்.

சோதனைக்கு வந்தவர் புகைக்குழல் ஒன்றை வைத்திருந்தார். நான் பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக்கொண்டேன். புகை வளையும் இடத்திலெல்லாம் நீல டேப்பை ஒட்டி எண் போட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். நாற்பத்தேழு இடங்கள். அவற்றில் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழே.

4. தாள்களும் அனுமதிகளும்

வெறும் கசிவு அடைப்புக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வேலை எப்போது வேறு வேலையாக மாறுகிறது என்று கவனிக்க வேண்டும்.

பலரும் விழும் குழி இது: வெளிச்சுவர் ஒன்றின் பழைய பூச்சில் பாதிக்கு மேல் உரித்தெடுத்துப் புதிதாகப் பூசினால், கட்டட விதிகளின் கண்ணில் அது அந்தச் சுவரைப் புதுப்பிக்கும் வேலை. அப்போது வெப்பக்காப்பையும் உயர்த்த வேண்டிய கடமை வந்துவிடும். கவுன்சிலின் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவுக்கோ தனியார் ஆய்வாளருக்கோ முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். முடிந்ததும் நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் (சொலிசிட்டர்) கேட்பது இந்தத் தாளைத்தான். சிறு பழுது பார்ப்பதும், விட்டுப்போன இடத்தில் மட்டும் பூசுவதும் இதில் வராது.

பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் பூசுவதற்கு அறிவிப்பு எதுவும் வேண்டாம். அந்தச் சுவரில் இருக்கும் பழைய புகைபோக்கியின் புடைப்பை இடித்தெடுக்க நினைத்தால் மட்டும், 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வரலாற்றுச் சிறப்புக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால் ஜன்னல், பூச்சு, தரை எதைத் தொடுவதற்கும் முன் கவுன்சிலிடம் பேசுங்கள். அனுமதியில்லாமல் செய்வது குற்றம்.

வாட் (மதிப்புக் கூட்டு) வரியிலும் கவனம் வேண்டும். வெப்பக்காப்புப் பொருட்களுக்கும் கதவு ஜன்னல் ஓரங்களில் வைக்கும் காற்றுத்தடுப்புப் பட்டைகளுக்கும் 2027 மார்ச் 31 வரை வரி பூஜ்யம். ஆனால் ஒப்பந்தக்காரரே பொருளை வாங்கிப் பொருத்தினால்தான் இந்தச் சலுகை. நீங்களே கடையில் வாங்கினால் 20 விழுக்காடு கட்டியாக வேண்டும். எனக்கு வந்த முதல் மதிப்பீட்டில் எல்லாவற்றுக்கும் 20 விழுக்காடு போட்டிருந்தார்கள். கேட்ட பிறகு திருத்திக் கொடுத்தார்கள்.

5. கீழ்த்தளத் தரை

என் வீட்டில் பாதிக்கும் மேற்பட்ட கசிவு இங்கேதான். பலகைகளுக்கு நடுவிலுள்ள கீறல்களை விட, பலகை சுவரைச் சந்திக்கும் ஓரம்தான் பெரிய வாய். ஸ்கர்ட்டிங் பலகையைக் கழற்றினால், பூச்சு தரைக்கு நான்கு விரல் உயரத்திலேயே நின்றிருப்பதையும், அதற்குக் கீழே வெறும் செங்கல்லையும், அதற்கும் கீழே இருட்டையும் பார்ப்பீர்கள்.

நன்றாகச் செய்ய வேண்டும் என்றால் பலகைகளைக் கழற்றி, உத்தரங்களுக்கு நடுவே வலையில் வெப்பக்காப்பை நிரப்பி, அதன் மேல் காற்றுத்தடுப்பு விரிப்பைப் பரப்பி, விரிப்பின் ஓரத்தைச் சுவரில் ஏற்றி ஒட்டி, மறுபடி பலகையைப் போட வேண்டும். ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மூன்று நாள் வேலை. பொருளுக்கு மட்டும் ஓர் அறைக்குச் சுமார் 500 பவுண்டு ஆயிற்று. இவ்வளவு முடியாதவர்கள், பலகையின் மேல் மெல்லிய பிளைவுட்டை இணைப்புகளில் டேப் ஒட்டிப் பரப்பி, சுவரோரத்தை மட்டும் ஒழுங்காக அடைத்தாலே பெரும்பங்கு பயன் கிடைத்துவிடும். கதவுகளின் அடியைச் சீவ வேண்டி வரும் என்பதை மறக்காதீர்கள்.

எந்த வழியானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் சுவரின் வெறும் செங்கலைத் தரை மட்டம் வரை பூச வேண்டும். பூச்சு உலர வேண்டும். என் வீட்டில் இரண்டு வாரம் விட்டேன். பிறகு பிரைமர், அதன் பிறகே டேப். தூசி படிந்த செங்கல்லில் நேராக ஒட்டிய டேப் அன்று மாலை உறுதியாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் தானே உரிந்து தொங்கும். முதல் அறையில் நான் செய்தது அதுதான், முழுவதையும் பிடுங்கி மறுபடி செய்தேன்.

நுரைப் பீச்சியைப் பற்றி ஒரு சொல். இங்குள்ள பல வேலையாட்களுக்கு எல்லா ஓட்டைக்கும் மருந்து அந்த மஞ்சள் நுரைதான். பெரிய வெற்றிடத்தை நிரப்ப அது நல்லது. ஆனால் மரம் சுருங்கி விரியும்போது அதன் ஓரம் விட்டுப்போகும் என்பதால், நுரையைக் காற்றுத்தடுப்பாகக் கணக்கில் வைக்காதீர்கள்; அதன் மேல் டேப்போ பூச்சோ வர வேண்டும்.

6. மேல்தள உத்தரங்களின் முனைகள்

மேல்தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் வெளிச்சுவரின் உள் அடுக்குக்குள் செருகப்பட்டிருக்கும். மரம் உலர்ந்து சுருங்கியதால் ஒவ்வொரு முனையைச் சுற்றியும் ஒரு சந்து இருக்கும். என் வீட்டில் இப்படி முப்பத்தாறு முனைகள். கீழறையின் உட்கூரை விளக்கைச் சுற்றிக் குளிர்காற்று வருவதற்கு இதுதான் காரணம்.

சுவரை ஒட்டிய இரண்டு பலகைகளைக் கழற்றிப் படுத்துக்கொண்டுதான் செய்ய முடியும். தூசியை உறிஞ்சி, உத்தரங்களுக்கு நடுவிலுள்ள வெறும் செங்கலைப் பூசியோ, தூரிகையால் பூசும் காற்றுத்தடுப்புக் குழம்பை இரண்டு முறை தடவியோ மூடி, ஒவ்வொரு உத்தரத்தைச் சுற்றியும் டேப்பை மடித்து ஒட்ட வேண்டும். பழைய மரத்தில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு இருந்தால், டேப்புக்கு அடியில் அதன் வழியாகவே காற்று வரும். அதைச் சீலன்ட் வைத்து நிரப்புங்கள். குழம்பு பூசுவது எளிது, விலைதான் கூடுதல். எனக்கு இரண்டு வாளிகள் பிடித்தன.

ஈரமான முனையை மூடக் கூடாது. இருபது பவுண்டு ஈரமானியால் ஒவ்வொரு முனையையும் குத்திப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மரம் உளுக்கும் நிலையில் இருக்கிறது. வெளிச்சுவரின் சாந்தையோ மழைநீர்க் குழாயையோ முதலில் பழுது பார்த்து, உலரவிட்டு, பிறகு வாருங்கள். மழை அடிக்கும் தென்மேற்குச் சுவரில் எனக்கு நான்கு முனைகள் அப்படி இருந்தன. காரணம் கூரையோர மழைநீர்க் குழாயில் ஓர் உடைசல். பழுதுக்குப் பிறகு உலர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அந்த அறையில் கட்டில் நடுவிலேயே கிடந்தது.

7. ஜன்னல் ஓரங்கள்

புதிய ஜன்னல் போட்டும் காற்று நிற்காததன் காரணம் இங்கே வெளிப்பட்டது. சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே நுரையை அடித்து, அதை மறைக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பட்டையை எடுத்துப் பார்த்தால் சுவரின் நடு இடைவெளி அப்படியே திறந்து கிடந்தது.

பட்டையைக் கழற்றி, நுரையைச் சட்டத்தின் மட்டத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் சட்டத்திலும் மறுபக்கம் சுவரிலும் ஒட்டும், மேலே பூச்சு பிடிக்கக்கூடிய பஞ்சுமுக டேப்பை ஒட்டி, அதன் மேல் பூசிவிட்டேன். இதுவரை ஜன்னல் மாற்றாதவர்கள் ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வாங்குங்கள்: சட்டத்துக்கும் உட்பூச்சுக்கும் நடுவே டேப் ஒட்ட வேண்டும், பட்டை ஒட்டுவதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டும். ஒரு ஜன்னலுக்கு இருபது முப்பது பவுண்டு கூடும். இப்போதைய விதிப்படி, மாற்றும் ஜன்னல்களில் மேலே சிறு காற்றுத்துளையும் வரும். வேறு முறையான காற்றோட்டம் இல்லாத வரை அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

8. பரணும் புகைபோக்கியும் குழாய்களும்

சூடான காற்று மேலே ஏறிப் பரண் வழியாக வெளியேறும் வேகத்தில்தான் கீழே குளிர்காற்று உறிஞ்சப்படுகிறது. பரண் கதவைச் சுற்றி அழுந்தும் ரப்பர் பட்டையும், இழுத்துப் பூட்டும் கொக்கியும் வையுங்கள். பரணில் கிடக்கும் பஞ்சை விலக்கி, ஒயர்கள் இறங்கும் துளைகள், அறைத்தடுப்புச் சுவர்களின் தலைப்பகுதி, குழாய்த் துளைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். கண்ணாடிப் பஞ்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காற்றைத் தடுக்காது, வடிகட்டத்தான் செய்யும். உட்கூரையில் புதைத்த விளக்குகளை எடுத்துவிட்டு, மேலே பொருத்தும் விளக்குகளுக்கு மாறினேன். பன்னிரண்டு ஓட்டைகள் ஒரே நாளில் மூடின.

பயன்படாத புகைபோக்கி, திறந்த ஜன்னல் போன்றது. உச்சியில் மழை புகாத, காற்று போகும் தொப்பியை வைத்து, கீழே தொண்டையில் கழற்றக்கூடிய அடைப்பை வையுங்கள். உள்ளே ஈரம் தேங்காதிருக்கச் சிறிதளவு காற்று அதில் ஏறியிறங்க வேண்டும் என்பதால், மேலும் கீழும் சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

பிறகு குழாய்கள். சமையலறை அலமாரிகளை நகர்த்தினால்தான் தெரியும் ஓட்டைகள், கழிவறைக் குழாயைச் சுற்றிய பெட்டி, மாடிப்படிக்கு அடியில் மின்சார மீட்டருக்கு ஒயர் வரும் இடம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. அங்கே போய்ச் சேர்வதுதான் அரை நாள்.

9. மூடுவதற்கு முன் இடைச் சோதனை

ஸ்கர்ட்டிங்கும் பலகையும் மறுபடி போடுவதற்கு முன்பு, எல்லாம் திறந்து கிடக்கும்போதே இரண்டாவது சோதனை வையுங்கள். பணத்தை மிச்சப்படுத்த, முதல் சோதனைக்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு சோதனைதான் செய்வேன் என்றால், கடைசிச் சோதனையை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். எனக்கு இந்தக் கட்டத்தில் 6.3 வந்தது, குளியல் தொட்டிக்குப் பின்னால் நாங்கள் மறந்துவிட்ட ஒரு சுவர் முழுவதும் காற்று வந்துகொண்டிருந்தது. அதைப் பூசியதும் 4.7.

10. காற்றோட்டம்

வீடு 5க்குக் கீழே போய்விட்டால், ஜன்னல் துளைகளையும் அவ்வப்போது போடும் விசிறியையும் நம்பியிருக்க முடியாது.  எங்கெங்கோ இருந்த ஓட்டைகள் செய்துகொண்டிருந்த வேலையை இனி ஒரு கருவி செய்ய வேண்டும்.

எளிய வழி, குளியலறையிலும் சமையலறையிலும் இருபத்துநான்கு மணி நேரமும் மெதுவாக ஓடும் உறிஞ்சு விசிறிகள். வீட்டுக்கு ஒரு குளியலறை என்றால் அங்கே விநாடிக்கு 8 லிட்டரும் சமையலறையில் 13 லிட்டரும் விதிக்கணக்கு. அதற்கு மேல் வீட்டின் அளவைப் பொறுத்து மொத்த அளவும் பார்க்கப்படும். ஒரு விசிறி, பொருத்தும் கூலியோடு, எனக்கு 350 பவுண்டு ஆயிற்று. படுக்கையறை ஜன்னல்களின் சிறு துளைகள் திறந்தே இருக்க வேண்டும். உட்கதவுகளின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவி இதைவிட நல்லதுதான். ஆனால் குழாய் பதிக்க இடமும் பல ஆயிரம் பவுண்டும் வேண்டும், கசிவு 3ஐ ஒட்டி இறங்கினால்தான் அதற்குப் பொருளுண்டு. நான் போடவில்லை.

நம் சமையலுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் அடுப்புக் கூண்டுகள் இங்கே பல வீடுகளில் உண்டு. கசியும் வீட்டில் அது பொறுக்கக்கூடியதாக இருந்தது. இறுக்கமான வீட்டில் ஒருமுறை மிளகாய் கிள்ளித் தாளித்தால், மாடியில் படிக்கும் பிள்ளை வரை தும்மல் போகும். இட்லி வேகும் ஆவி ஜன்னலில் தண்ணீராக வழியும். கூண்டின் குழாயைச் சுவர் துளைத்து வெளியே விடுங்கள். விநாடிக்கு 30 லிட்டராவது இழுக்க வேண்டும்; வெளிமுனையில், விசிறி நின்றதும் தானே மூடிக்கொள்ளும் மடல் இருக்க வேண்டும்.

விசிறி பொருத்தியவர் காற்றின் அளவை அளந்து எழுதித் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவுக்கும் உண்மையில் வரும் அளவுக்கும் தொடர்பே இல்லாமல் இருப்பதுண்டு. என் குளியலறை விசிறி முதல்நாள் பாதி அளவுகூட இழுக்கவில்லை, வளைந்து மடங்கிக் கிடந்த குழாயை நேராக்கிய பிறகே சரியாயிற்று.

11. மொத்தச் செலவும் காலமும்

மூன்று படுக்கையறை வீட்டுக்கு, ஜன்னலைச் சேர்க்காமல், எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 7,800 பவுண்டு. இதில் பாதிக்கு மேல் பூச்சுக்காரர், தச்சர் கூலி. டேப், குழம்பு, விரிப்பு போன்ற பொருட்கள் இரண்டாயிரத்தை ஒட்டி. சோதனைகள் மூன்றும் சேர்ந்து 700. மீதி விசிறிகளும் கேஸ் பொறியாளரும். உத்தர முனைகளையும் பரணையும் நானே செய்ததால் கூலி குறைந்தது.

காலத்தை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். ரேடான் சோதனை தேவைப்பட்டால் அக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடியட்டும். பிப்ரவரியில் முதல் கசிவுச் சோதனை. மார்ச்சில் கேஸ் பொறியாளரும் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவுக்கான விண்ணப்பமும். ஏப்ரல் முதல் ஜூலை வரை பூச்சும் தரையும், ஏனெனில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பூச்சை உலர்த்தக்கூடிய மாதங்கள் இங்கே அவைதாம். ஆகஸ்டில் இடைச் சோதனை. செப்டம்பரில் விசிறிகள், பிறகு ஸ்கர்ட்டிங்கும் வண்ணமும். வண்ணம் அடித்த பிறகு எலக்ட்ரீஷியனையோ பிராட்பேண்ட் ஆளையோ கூப்பிடாதீர்கள். அவர்கள் வெளிச்சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்துவிட்டுப் போவார்கள். அந்தத் துளையை யாரும் அடைக்க மாட்டார்கள். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், ஒரு சீலன்ட் குழலோடு பக்கத்திலேயே நில்லுங்கள்.